ஆன்லைன் கிட்டார் கோர்ஸ்: எந்த ஸ்டைலுக்குக் காசு கட்டலாம்?

கிட்டார் வாங்கியாச்சு. யூடியூப் பார்த்து ஜி, சி, டி கார்டுகளும் பழகியாச்சு. எஃப் கார்டு மட்டும் இன்னும் விரலைப் பதம் பார்க்கிறது. சரியாக இந்தக் கட்டத்தில்தான் போனில் விளம்பரங்கள் வரிசை கட்டும்: ப்ளூஸ், ஜாஸ், ஃபிங்கர்ஸ்டைல், கிளாசிக்கல், ஃபிளமென்கோ, மெட்டல். எல்லாமே ‘ஆழமான’ கோர்ஸ், எல்லாமே தள்ளுபடியில். ஓ.எம்.ஆர். ஆபீஸிலிருந்து அடையாறு திரும்பும் பஸ்ஸிலேயே காசு கட்டிவிடுகிறோம். மூன்றாவது வீடியோவுக்குப் பிறகு அந்தப் பக்கம் போவதே இல்லை.

சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். என் கணக்கில் பாதித் தப்பு அதற்கு முன்பே, ஸ்டைலைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே நடந்துவிடுகிறது.

ஸ்டைல் என்றால் பாட்டு வகை என்று நினைக்கிறோம். கிட்டாரில் அது முதலில் வலது கை விஷயம். கிளாசிக்கலில் நைலான் கம்பி, பிக் கிடையாது. கட்டைவிரல் கீழ்ஸ்தாயியைப் பார்த்துக்கொள்ள, மற்ற மூன்று விரல்கள் மெட்டை எடுக்கும். ஃபிங்கர்ஸ்டைல் அதற்குச் சொந்தக்காரன், பெரும்பாலும் ஸ்டீல் கம்பியில். ராக், மெட்டலுக்குப் பிக் வேண்டும். உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி ஒலியை அடக்கத் தெரிய வேண்டும். ஃபிளமென்கோவில் விரல்கள் விசிறி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக விரிய வேண்டும். ஜாஸில் கையைவிட மூளைக்குத்தான் வேலை அதிகம். ஒரு கார்டு ஏன் அடுத்த கார்டுக்குப் போகிறது என்ற கணக்கு புரியாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஒரே மாதத்தில் இரண்டு ஸ்டைலுக்குப் பணம் கட்டினால், ஒரே கையை இரண்டு முதலாளிகளிடம் வேலைக்கு விட்ட மாதிரி.

சரி, எதை எடுப்பது? தினமும் காதில் ஓடுவது தமிழ் சினிமாப் பாட்டு என்றால், முதல் ஒரு வருஷம் கிளாசிக்கல் அல்லது ஃபிங்கர்ஸ்டைல் என்பேன். ‘மூடுபனி’ (1980), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படங்களின் நிலாப் பாட்டுகள் இரண்டையும் ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். கார்டை மொத்தமாக அடிக்காமல் கம்பி கம்பியாகப் பிரித்து மீட்டுகிறார்கள். அந்தப் பாட்டு ஆசையில் ஸ்ட்ரம்மிங் கோர்ஸ் வாங்கினால் கடைசிவரை அது கைக்கு வராது.

அந்தப் பாட்டுகளுக்கு இசையமைத்தவரின் கதையும் இங்கே உதவும். 1968-ல் சென்னைக்கு வந்த இளையராஜா, மேற்கத்திய இசையைக் கற்றது மயிலாப்பூரில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் அவர் தங்கப் பதக்கம் பெற்றது லண்டனில் உட்கார்ந்து படித்து அல்ல, இங்கே இருந்தபடியேதான். பாடத்திட்டம் தூரத்திலிருந்து வந்தது, தப்பைக் கேட்டுத் திருத்தும் காது பக்கத்துத் தெருவில் இருந்தது. இன்றைக்கு வீடியோ வந்துவிட்டது, ஆனால் அந்தக் காது கோர்ஸ் விலையில் அடங்குவதில்லை. ஆகவே ஸ்டைலை முடிவு செய்வதற்கு முன், அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் ஏரியாவில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மாதம் ஒருமுறை அவரிடம் வாசித்துக் காட்டினால் போதும். கிளாசிக்கலுக்கு சென்னையில் ஆள் கிடைப்பது சுலபம், டிரினிட்டி கிரேடு தேர்வுகள் இங்கே அவ்வளவு பழக்கமானவை. ஃபிளமென்கோவுக்குத் தேடிப் பாருங்கள், தெரியும்.

“இல்ல பாஸ், எனக்கு அனிருத் கச்சேரி மாதிரி அதிரணும்” என்கிறீர்களா? தாராளமாக ராக் எடுங்கள், விருப்பமில்லாத ஸ்டைலை ஒழுக்கத்துக்காகப் படிப்பது தண்டனை. ஒரு வசதியும் உண்டு. தி.நகர் பி.ஜி. அறையில் ராத்திரி பதினொரு மணிக்கு எலெக்ட்ரிக் கிட்டாரை ஹெட்போனில் வாசித்தால் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்திருக்க மாட்டார். ஸ்டீல் கம்பி அகூஸ்டிக்கில் அது நடக்காது. நைலான் கொஞ்சம் மெதுவாகப் பேசும்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இன்னோர் ஆசை இருக்கும்: கிட்டாரில் கர்நாடக இசை. இதில் நான் கொஞ்சம் கறார். இதற்கு முதலில் கிட்டார் கோர்ஸே வாங்காதீர்கள். கிட்டார் பிரசன்னாவைப் பாருங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து, பெர்க்லி இசைக் கல்லூரிக்கும் போனவர். கர்நாடக இசையைப் பயின்றதோ வயலின் கலைஞர் ஏ. கன்னியாகுமரியிடம். ‘சக்தி’ குழுவில் நம்ம ஊர் விக்கு விநாயக்ராமுடன் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கிட்டாரை வைத்துக்கொண்டார், கம்பியை ஆழமாக இழுத்துக் கமகம் வரவழைக்க. இருவருக்கும் ராகம் வந்தது கிட்டார் வழியாக அல்ல. தோடியின் காந்தாரம் எப்படி அசையும் என்று உங்கள் தொண்டைக்கே தெரியாதபோது, விரலுக்கு எந்த வீடியோ சொல்லிக்கொடுக்கும்? தெருவில் ஒரு பாட்டு டீச்சர் இருப்பார். வர்ணம் வரை அவரிடம் பாடிவிட்டு வாருங்கள். கிட்டார் காத்திருக்கும். ஆனால் பெசன்ட் நகர் பக்கம் குடியிருந்தால் உறையில் போட்டு வையுங்கள், உப்புக் காற்றில் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். நீங்கள் வாசித்த வீடியோவை அனுப்பினால் ஆசிரியர் பார்த்துப் பதில் சொல்வாரா? பாடப் பட்டியலின் கடைசிப் பாடத்தில் அவர் வாசிப்பதைக் கேட்டால், ‘இதை நான் வாசிக்கணும்’ என்று தோன்றுகிறதா? முதல் பாடம் எல்லா கோர்ஸிலும் இனிக்கும், கடைசிப் பாடத்தைக் கேளுங்கள். இலவச டிரையல் என்றால், அது முடிவதற்கு முந்தைய நாளுக்குப் போனில் ஓர் அலாரம் வையுங்கள். ஆட்டோ டெபிட் நம்மைவிட ரொம்ப ஒழுங்கு, ஒரு மாதம்கூட கிளாஸுக்கு மட்டம் போடாது.