பற்சக்கரமும் கொள்முதல் கடிதமும்

நமது பட்டறைகளில் செய்யும் பற்சக்கரங்கள் சீக்கிரம் தேய்கின்றன என்ற புகார் எழும்போதெல்லாம் கடைசல்காரர்மீது பழி சுமத்துவது வழக்கமாகிவிட்டது. இது அநியாயம் என்பது நமது அபிப்பிராயம். குற்றத்தை உலையில் தேடவேண்டும். அதற்கும் முன்னால், சாமானை வாங்குவோரின் கடிதத்தில் தேடவேண்டும்.

பற்சக்கரத்துக்கு வேண்டிய குணங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை. பல்லின் மேற்புறம் தேயாதபடி கடினமாயிருக்கவேண்டும். உட்புறம் அதிர்ச்சியைத் தாங்கவேண்டும். முழுவதும் கடினமானால் பல் ஒடியும். முழுவதும் மிருதுவானால் தேயும். ஆகையால் நூற்றுக்கு 0.2 அளவே கார்பன் உள்ள எஃகை, கார்பன் மிகுந்த வாயுவில் 900 முதல் 950 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் பல மணி நேரம் வைக்கிறார்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கார்பன் ஊறிய பிறகு எண்ணெயில் துவைச்சல் கொடுத்தால், மேல்தோலின் கடினம் ராக்வெல் ‘ஸி’ அளவையில் 60 வரை ஏறுகிறது.

அத்துடன் வேலை முடிந்ததென்று நினைப்பவர் ஏமாறுவர். துவைச்சலில் எஃகுக்குள் ஒரு விறைப்பு அடைபட்டு நிற்கிறது. அதைத் தணிக்க 150 முதல் 200 டிகிரியில் மறுபடியும் சூட்டில் வைத்தே தீரவேண்டும். செலவுக்கு அஞ்சி இந்த மறுசூட்டை விட்டுவிட்டால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வெடிப்பு பின்னால், சாணை பிடிக்கும்போதோ யந்திரம் ஓடும்போதோ வெளிப்படலாம்; அப்பொழுது அருகில் நிற்பவன் தொழிலாளி.

தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்குவரை குறிக்கும் கனவான்கள், ‘ஹார்டனிங் செய்யவும்’ என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிடுகிறார்கள். எவ்வளவு கடினம்? எத்தனை ஆழம்? ஒன்றுமில்லை. (வக்கீல் ஒருவர் இவ்விதம் ஒப்பந்தம் எழுதினால் கட்சிக்காரர் மறுநாளே வேறு வக்கீலைத் தேடுவார்.) பிறகு குறைந்த விலை சொன்னவனுக்கே வேலை. உலையை ஒழுங்காக நடத்துகிறவன் இப்போட்டியில் தோற்பதில் ஆச்சரியமென்ன?

இந்திய உருக்கைப் பற்றி 1795-ல் லண்டன் ராயல் சொஸைட்டியில் கட்டுரை படிக்கப்பட்டதையும், மைக்கேல் பாரடே அதைப்போல் செய்ய முயன்றதையும் மேடைகளில் சொல்லிக்கொள்கிறோம். சொல்லட்டும். கோயம்புத்தூரில் இன்று கடையும் பம்புத் தண்டு அதனால் கடினப்படாது.

அரசாங்கப் போக்குவரத்துப் பணிமனைகளும் பெரிய ஆலைகளும் முதலில் வழிகாட்டலாம். ஒவ்வொரு உத்தரவிலும் மேற்புறக் கடினம், ஊறவேண்டிய ஆழம், மறுசூட்டின் உஷ்ணம் மூன்றையும் எழுதவேண்டும். உலையேற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சோதனைத் துண்டைக் கூடவே வைத்து, அதை வெட்டி அளந்த கணக்கைச் சாமானோடு கேட்டுப் பெறவேண்டும். அதற்காகும் கூலியை வாங்குவோரே கொடுக்கவேண்டும்.