டயர் நகையல்ல

சென்ற ஆண்டு பொங்கலன்று ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், மூன்று வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து உயிர் கொடுத்த வண்டி. தெருவே கூடிவிட்டது. பிள்ளைகள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். பெரியவர்கள் தங்கள் காலத்துக் கதைகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லோருடைய கண்ணும் கடைசியில் போய் நின்ற இடம் சக்கரம்தான். பளபளக்கும் அலாய் ரிம், மட்கார்டை முட்டிக்கொண்டு நிற்கும் அகலமான டயர்.

"மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

நான் முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவன். டயரைப் பார்த்த உடனே மனசு உறுத்தியது. ஆனாலும் நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளையின் முகம் வாடக் கூடாதே என்று, "நல்லா இருக்குடா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்க்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். பேத்தமங்கலம் ஏரியைப் பார்த்து வரலாம் என்று அவன், மனைவி, குழந்தை, என் அக்கா ஆகிய நால்வரும் கிளம்பினார்கள். போகும்போதே ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் எங்கோ உராய்கிற சத்தம் கேட்டதாம். "புது டயர், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டான். திரும்பி வரும் வழியில் ஒரு வளைவில் முன்பக்க டயர் வெடித்தது. வேகம் நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும் என்கிறான். வண்டி ஓரமாக இழுத்துக்கொண்டு போய், பாலத்துக் கட்டைச் சுவருக்கு ஒரு கஜத்துக்கு முன்னால் நின்றது. குழந்தையின் நெற்றியில் ஒரு வீக்கம், அக்காவுக்கு மணிக்கட்டில் சுளுக்கு. அதோடு போயிற்று. கழற்றிப் பார்த்தால், டயரின் உள்பக்கச் சுவர் அடிச்சட்டத்தில் உரசி உரசி நூல் தெரிகிற அளவுக்கு அறுந்திருந்தது.

குற்றம் யாருடையது? ஆசைப்பட்டவன் மேல் பாதி. தெரிந்தும் வாய் மூடியிருந்த என் மேல் மீதி.

ஹெரால்டும் அதன் தம்பியும்

இன்றைய பிள்ளைகளுக்கு ஹெரால்டு என்றால் சினிமாவில் பார்த்த பழைய கார். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் என்ற பெயரோடு வந்தது. உருவத்தை வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் அதைத் தயாரித்தார்கள். முதலில் இரண்டு கதவு, பிறகு நான்கு கதவு. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்தார்கள். முன் சஸ்பென்ஷன், பின் அச்சின் அமைப்பு எல்லாம் அண்ணன் தம்பி ஜாடை. ஸ்பிட்ஃபயர் வாங்க வழியில்லாத நம்மவர்களுக்கு ஹெரால்டே ஸ்போர்ட்ஸ் கார். சோழவரத்துப் பழைய விமான தளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் அங்கே ஓடிய வண்டிகளில் ஹெரால்டும் உண்டு.

இந்த வண்டியின் பெருமைகளில் ஒன்று, அது திரும்புகிற அழகு. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுச் சுற்றுச் சுற்றிவிடும். நம் ஊர் லைன் வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில்கூடத் திருப்பிவிடலாம். அப்படித் திரும்ப வேண்டுமானால் முன் சக்கரங்கள் மற்ற கார்களைவிட மிக அதிகமாக ஒடிய வேண்டும். அந்த ஒடிப்புக்கு ஏற்ற இடத்தை, மெல்லிய டயரை மனத்தில் வைத்துத்தான் விட்டிருக்கிறார்கள். அங்கே அகல டயரைக் கொண்டுபோய் நுழைத்தால் அது எதில் உரசும்? அடிச்சட்டத்தில்தான். அக்கா மகனின் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

எண்கள் சொல்லும் சங்கதி

ஹெரால்டுக்கும் ஆரம்ப கால ஸ்பிட்ஃபயருக்கும் தயாரித்தவர்கள் போட்ட டயர் 5.20-13. இதில் 5.20 என்பது டயரின் அகலம், அங்குலத்தில். 13 என்பது ரிம்மின் விட்டம். அந்த ரிம்மின் அகலமோ வெறும் மூன்றரை அங்குலம். இது குறுக்கு நூல் டயர் காலத்துக் கணக்கு. நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும்.

பிறகு ரேடியல் வந்தது. பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1946-ல் அதற்குக் காப்புரிமை பெற்றது. இதில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும். பட்டனுக்கு அடியில் தனியாக ஒரு பட்டை சுற்றியிருக்கும். பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும், தரையில் படும் பாகம் தட்டையாகவே நிற்கும். பிடிமானம் அதிகம், தேய்மானம் குறைவு.

ரேடியலில் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதுகிறார்கள். 145/80 ஆர் 13 என்றால் அகலம் 145 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 116 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 13 அங்குல ரிம். கூட்டினால் மொத்த உயரம் ஏறக்குறைய 562 மி.மீ. பழைய 5.20-13-க்கு ரேடியலில் நேர்வாரிசு இந்த 145 அளவுதான். பழைய ரேடியல் டயர்களில் 80 என்பதை எழுதவே மாட்டார்கள். 145 ஆர் 13 என்று மட்டும் இருந்தால் 80 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அக்கா மகன் போட்டது 185/60 ஆர் 13. கணக்குப் போட்டால் உயரம் 552 மி.மீ. பத்து மில்லிமீட்டர்தான் குறைகிறது. "உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, பயப்படாதீங்க" என்று விற்றவர் சொன்னாராம். அவர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. உயரம் சரி, அகலத்தில் 40 மி.மீ. கூடிவிட்டதே! அந்த அகலத்துக்குக் குறைந்தது ஐந்து அங்குல ரிம் வேண்டும். ஆகவே பழைய ரிம்மைக் கழற்றி மேலே போட்டுவிட்டு அலாய் வாங்க வேண்டியதாயிற்று. ரிம் வெளியே தள்ளி நிற்கும்போது வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் போட்டு அழுத்துகிற மாதிரி பாரம் விழும். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் ஏற்கெனவே அடிக்கடி எண்ணெய் கேட்கும் பிள்ளை. அதன் தலையில் இந்தச் சுமையும்.

பின் சக்கரத்தின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. அந்தக் கால ஹெரால்டின் பின் அச்சு இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடுவது. வளைவில் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடிய முயலும், வண்டியின் பின்பாகம் தூக்கிக்கொள்ளும். டயரின் பிடிமானம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இந்தத் தூக்கலும் கூடும். மெல்லிய டயர் கொஞ்சம் வழுக்கி எச்சரிக்கை செய்யும். அகல டயர் எச்சரிக்காமல் கவிழ்க்கப் பார்க்கும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் அன்பர்கள் சிலர் எம்.ஜி.பி. வைத்திருக்கக் கூடும். அதற்கு 165 ஆர் 14 போட்டால் உயரம் சுமார் 620 மி.மீ. அழகுக்காக 195/60 ஆர் 14 போட்டால் 590. வண்டி 15 மி.மீ. தாழ்ந்துவிடும், ஸ்பீடோமீட்டர் நூற்றுக்கு ஐந்து கூடுதலாகக் காட்டும். வேகத்தடைக்கு வேகத்தடை அடிவயிற்றைத் தேய்க்க வேண்டியதுதான்.

சுரங்கம் கற்றுக் கொடுத்தது

என் தகப்பனார் சாம்பியன் ரீஃபில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. மனிதர்களை இறக்கும் கூண்டு ஒரு கம்பிக் கயிற்றில் தொங்கும். கயிறு எவ்வளவு தடிமன் என்பதை யாரும் கண்ணால் பார்த்து முடிவு செய்ததில்லை. தடியான கயிறுதானே பலம் என்றும் நினைத்ததில்லை. கயிறு தடித்தால் அதன் சொந்தப் பாரமே கூடும், சுற்றும் உருளையும் அதற்கேற்ப மாற வேண்டும். ஆழம், பாரம், உருளை, எஞ்சின் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நம் அப்பன் பாட்டன் இறங்கினார்கள், ஏறினார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அந்தப் புத்தியையும் சேர்த்து மூடிவிட வேண்டுமா?

டயரும் அப்படித்தான். ரிம், பேரிங், ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் ஒரே குடும்பம். ஒருவரை மட்டும் மாற்றிவிட்டு மற்றவர்கள் அனுசரித்துப் போக வேண்டும் என்றால் வீட்டிலே நடக்குமா?

மறுப்புச் சொல்வோருக்கு

"பந்தயக் கார்களில் அகல டயர் போடவில்லையா?" என்று கேட்பார்கள். போடுகிறார்கள். 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் போய்ப் பாருங்கள். அங்கே தளம் வழவழப்பு. சஸ்பென்ஷனை அதற்கென்றே மாற்றியிருப்பார்கள். ஓட்டுபவர் தலைக்கவசத்தோடு தனியாக இருப்பார். பின் இருக்கையில் பாட்டியும் பேத்தியும் இல்லை. பங்காருபேட்டை சாலையில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தில் மெல்லிய டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். அகல டயர் அதன் மேல் மிதக்கப் பார்க்கும்.

இன்னொரு கட்சி உண்டு. "பழைய வண்டிக்குப் பழைய குறுக்கு நூல் டயர்தான் போட வேண்டும், ரேடியல் போட்டால் தீட்டு" என்பார்கள். கண்காட்சிக்கு மட்டும் போகிற வண்டியானால் அவர்கள் சொல்வது அழகு. ரஸ்தாவில் ஓட்டுவதற்கு, சரியான அளவில் ரேடியல் போடுவதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஸ்பிட்ஃபயரைத் தயாரித்தவர்களே பின்னாளில் ரேடியலுக்கு மாறி, ரிம்மையும் அகலமாக்கி 155 ஆர் 13 போட்டார்கள். மாற்றம் கூடாது என்பதல்ல, கணக்கில்லாத மாற்றம் கூடாது என்பதே என் கட்சி. ஒரே ஒரு நிபந்தனை: ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் குறுக்கு நூல் என்று கலக்கவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் குறுக்கு நூல் என்பது அதைவிட மோசம், வளைவில் வண்டியின் பின்பாகம் முதலில் பிடியை விட்டுவிடும். நான்கும் ஒரே ரகமாக இருப்பதே உத்தமம்.

வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பழைய கார் மாதத்துக்கு ஒரு நாள்தான் ஓடும். பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் வெயிலில் கிழடாகிவிடும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். பத்து வருஷமானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பழைய ரிம்மில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது. ஆகவே டியூப் இல்லாமல் ஓட்டவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு சங்கதி. ஹெரால்டுக்குப் பொருத்தமான 145/80 ஆர் 13 எங்கேயோ லண்டனில் கிடைக்கிற அபூர்வப் பொருள் அல்ல. நம் நாட்டுச் சிறு குடும்பக் கார்களுக்கென்று இங்கேயே செய்கிற அளவு. அதில் 75 டி என்று இருந்தால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும், 190 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும். ஹெரால்டு தலைகீழாக நின்றாலும் அந்த வேகம் போகாது. அக்கா மகன் மொட்டை மாடியில் கிடந்த பழைய ரிம்களை இறக்கி, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து, இந்த டயரைத்தான் மாட்டினான். அலாய்க்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை.

தெருவில் சிலர், "என்னப்பா, வண்டி இளைச்சுப் போச்சே" என்று கிண்டல் செய்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, எங்கள் சந்திலேயே ஒரே மூச்சில் வண்டியைத் திருப்பிக் காட்டினான். ஒரு சத்தமும் இல்லை. பின் சீட்டில் அக்கா வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கெங்கோ போய்க் குடியேறியிருக்கும் நம் பிள்ளைகள், ஊர் நினைவில் பழைய வண்டிகளைத் தேடி வாங்குவதைக் கேள்விப்படுகிறேன். சந்தோஷம். வாங்குங்கள், துடையுங்கள், ஓட்டுங்கள். டயர் வாங்கப் போகும்போது மட்டும் தெருவார் கண்ணைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு, வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து பாருங்கள். விஷயம் தெரிந்த பெரியவர்களே, நீங்களும் "நல்லா இருக்குடா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் முகம் ஒரு நாள் வாடினால் மறுநாள் மலர்ந்துவிடும்.