தனித் தட்டும் குப்பைப் பையில் கிடந்த ஊசியும்

எச்.ஐ.வி. பராமரிப்பில் பயிற்சி பெற்று, சக செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்போடு வார்டுக்குத் திரும்பினேன். முதல் வகுப்பில் வந்த முதல் கேள்வி: "அந்த பேஷண்டுக்குத் தனித் தட்டு வச்சிடலாமா, சிஸ்டர்?"

தட்டிலும் தொடுதலிலும் எச்.ஐ.வி. பரவாது என்பது கேட்டவருக்கும் தெரியும். தேர்வில் எழுதித்தான் செவிலியராகியிருக்கிறார். பிறகு ஏன் தனித் தட்டு? தேநீர்க்கடையில் தனிக் குவளை வைத்த அதே புத்திதான். தீட்டு பார்த்துப் பழகிய மனதுக்குக் கிருமி ஒரு சாக்கு.

இந்தியாவில் முதன்முதலாக 1986இல் சென்னையில் இத்தொற்று கண்டறியப்பட்டது. இன்று மருந்து எவ்வளவோ முன்னேறிவிட்டது. தொடர்ந்து மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால், பாலுறவு வழியாகக்கூட அவரிடமிருந்து பரவாது. இதை வகுப்பில் சொன்னேன். தனித் தட்டுப் பேச்சு நின்றது.

ஆனால் என் தவறு வகுப்பு முடிந்த பிறகுதான் தெரிந்தது. வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அக்கா கேட்டார்: "குப்பைப் பையில கெடந்த ஊசி கையில குத்திடுச்சு சிஸ்டர், ரெண்டு வாரமாச்சு. எதுனா பண்ணணுமா?"

ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். தேவைப்பட்டால் தடுப்பு மருந்தை உடனே, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் எடுக்க வேண்டும். எங்களுக்கு இது மனப்பாடம். அவருக்கு யாருமே சொல்லவில்லை. நானும் அவரை வகுப்புக்குக் கூப்பிடவில்லை. மூன்று மாதம் கழித்துத் தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை அவர் சரியாகத் தூங்கவில்லை.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், தொற்று அபாயமுள்ள பணியிடத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் பாதுகாப்பு, பயிற்சி, தடுப்பு மருந்து தர வேண்டும் என்கிறது. 'எல்லோருக்கும்' என்றால் ஒப்பந்தத் தொழிலாளருக்கும்தான். தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதிகளின் தலையில் குப்பை கட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். மருத்துவமனைப் பயிற்சியிலும் அவர்களை வாசலில் நிறுத்தினால் அதற்குப் பெயர் தீண்டாமைதான்.

இப்போது என் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. ஒரு பாடத்தை அந்த அக்காவே எடுக்கிறார்: "ஊசிய பையில போடாதீங்க சிஸ்டர், வெள்ளை டப்பாவுல போடுங்க. அந்தப் பையைத் தூக்குறது என் கை."