டூ-லெட் பலகை மாட்டும் முன் இ.பி. கார்டை எடுங்க!

கள்ளக்குறிச்சி டவுனுக்கு மாற்றலாகி வரும் ஒரு டீச்சர் வாடகைக்கு வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஹவுஸ் ஓனர், மாடியில் ஒரு போர்ஷன். தண்ணீர், பாத்ரூம், அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்து, கடைசியாகப் படி இறங்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும்.

"கரண்ட் பில் எவ்வளவும்மா வரும்?"

"அது நீங்க யூஸ் பண்றதைப் பொறுத்து டீச்சர். சப்-மீட்டர் இருக்கு. யூனிட்டுக்கு எட்டு ரூபா போட்டுக் கொடுத்துடுங்க."

பேச்சு அதோடு முடிந்துவிடும். வாடகையில் 200 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசியவர்கள், மாதம் 800 ரூபாய் போகும் விஷயத்தை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

800 ரூபாய் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? கணக்கைப் பார்ப்போம்.

ஒரே மீட்டர், இரண்டு குடும்பம்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த குறைந்த கட்டணமும் கையை விட்டுப் போய்விடும்.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். அதன்படி 500 யூனிட் வரை ஓடினால் 101-200க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201-400க்கு 4.50, 401-500க்கு 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் 101-400 முழுவதுக்கும் 4.50, 401-500க்கு 6 ரூபாய், 501-600க்கு 8 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் ஓடினால் 1,958 ரூபாய். கடைசி ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. ஆகவே இன்றைய விகிதத்தைப் போட்டால் ரூபாய் மாறும். ஆனால், 500ஐத் தாண்டினால் என்ன நடக்கும் என்று புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

இப்போது அந்த மாடி வீட்டுக்கு வருவோம். டீச்சர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 270 யூனிட், ஓனர் வீட்டில் 270 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஆளுக்கு 540 ரூபாய், மொத்தம் 1,080 ரூபாய்தான். ஒரே இணைப்பாக இருந்தால் 540 யூனிட் சேர்ந்துகொள்ளும். பில் 2,270 ரூபாய். அதே ஃபேன், அதே லைட், அதே ஆட்கள். பில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

அதில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் டீச்சர் கொடுப்பது 2,160 ரூபாய். ஓனர் கையிலிருந்து போடுவது 110 ரூபாய். தனி இணைப்பு இருந்திருந்தால் டீச்சருக்கு 540தான் ஆகியிருக்கும். வித்தியாசம் 1,620 ரூபாய். மாதத்துக்கு 810.

பல ஓனர்கள் இதை ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை. 500ஐத் தாண்டி வரும் பெரிய பில்லைப் பார்த்துப் பயந்து, "எட்டு ரூபாய் போட்டால்தான் கட்டுப்படியாகும்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் இருவரின் மொத்தச் செலவையும் குறைப்பது தனி மீட்டர்தான். தனி வழி, தனிச் சமையலறை என்று தெளிவாகப் பிரித்த போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரிக்கலாம். அது கிடைக்கும்வரை மொத்த பில்லை சப்-மீட்டர் யூனிட் விகிதப்படி பிரித்துக்கொள்வது நியாயம். மேலே சொன்ன கணக்கில் ஆளுக்கு 1,135 ரூபாய் வரும்.

லண்டனில் கட்டாயம், இங்கே?

பிரிட்டனில் ஒரு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டுமென்றால், அந்த வீட்டின் எரிசக்திச் சான்றிதழைக் காட்ட வேண்டும். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் நேரில் வந்து சுவர், கூரை, ஜன்னல், வெந்நீர் வசதி, விளக்கு எல்லாவற்றையும் பார்த்து 'ஏ' முதல் 'ஜி' வரை ஒரு தரம் கொடுப்பார். அது 10 வருடம் செல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரல் முதல், விதிவிலக்கு பெற்றவை தவிர, 'ஈ' தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடவே முடியாது. ஈஸ்ட் ஹாமில் வீடு தேடும் தமிழ்க் குடும்பம், வாடகையைப் பார்க்கும்போதே இந்த எழுத்தையும் பார்த்துவிடலாம்.

இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் 2002-ல் தொடங்கப்பட்டது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டவைப்பது இந்த அமைப்புதான். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் கட்டாயம். வீடுகளுக்காக 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை 2018 டிசம்பரில் வெளியிட்டார்கள். வெயில் சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் எவ்வளவு உள்ளே வரலாம் என்பதற்கு அதில் அளவு உண்டு. ஆனால், கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு விடுபவரிடமோ, சின்னசேலத்தில் பழைய வீட்டை விற்பவரிடமோ இப்படி ஒரு சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

ஆக, சான்றிதழ் கிடையாது. ஆனால், அரை மணி நேரத்தில் நாமே ஒரு பரிசோதனை செய்துவிடலாம். வீட்டை விடுபவரும் செய்யலாம், குடிபோகிறவரும் செய்யலாம்.

அரை மணி நேரப் பரிசோதனை

1. ஆறு பில்: இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் வருடத்துக்கு ஆறே பில்தான். மீட்டர் பக்கத்தில் வைத்திருக்கும் இ.பி. கார்டிலோ, மின் இணைப்பு எண்ணை வைத்து ஆன்லைனிலோ பழைய ரீடிங்கைப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களைச் சேர்த்து வரும் பில்லையும், மார்கழி, தை மாதங்களின் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அந்த வீடு வெயிலில் காய்கிறது என்று யூகிக்கலாம்.

2. மீட்டர் சிமிட்டல்: வீட்டில் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். எலெக்ட்ரானிக் மீட்டரில் சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டக் கூடாது. அப்போதும் சிமிட்டினால் எங்கோ மின்கசிவு இருக்கிறது, அல்லது வேறு யாருடைய லைனோ இந்த மீட்டரில் ஓடுகிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இதே விளக்கை வைத்து ஒவ்வொரு பொருளும் எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்க்கலாம். மீட்டர் முகப்பில் 3200 என்று போட்டிருந்தால், 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். ஒரே ஒரு ஃபேனை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நான்கு முறை சிமிட்டினால் அது 75 வாட் பழைய ஃபேன்.

3. மோட்டார் யார் தலையில்? இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகளில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். மோட்டாரும் மாடிப்படி லைட்டும் எந்த மீட்டரில் ஓடுகின்றன என்று கேளுங்கள். டேங்க் நிரம்ப வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனால் ஃபுட் வால்வையோ பைப்பையோ பார்க்க வேண்டும்.

4. ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடி: வீட்டைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. மேல்தள வீடாக இருந்தால் கோடையில் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய், மொட்டை மாடித் தரையில் கையை வைத்துப் பாருங்கள். பகல் முழுக்கக் குடித்த வெயிலை கான்கிரீட் அப்போதுதான் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். தட்டோடு பதித்த மாடியும், சுண்ணாம்போ வெள்ளை கூல்-ரூஃப் பெயின்ட்டோ அடித்த மாடியும் இந்தச் சூட்டைக் குறைக்கும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே 'கூல் ரூஃப்' கொள்கையைக் கொண்டுவந்தது. நம் தாத்தா காலத்துத் தட்டோடும் சுண்ணாம்பும் செய்ததும் இதே வேலைதான்.

5. மேற்குச் சுவர்: படுக்கையறை மேற்குப் பக்கம் இருந்தால் வெளியே வேம்போ புங்கனோ நிழல் தருகிறதா, ஜன்னலுக்கு சன்ஷேட் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத அறையில் ஏசி போட்டால், அது ஓயாமல் ஓடும்.

6. வயரிங்: ஸ்விட்ச் போர்டு சூடாகிறதா, எர்த் இருக்கிறதா, கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கிறதா? இது பில் விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம்.

ஃபேனை மாற்றினால் என்ன ஆகும்?

மேலே பார்த்த ஒரே மீட்டர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். 75 வாட் ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். அதற்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 27 யூனிட்தான். இரண்டு ஃபேனை மாற்றினால் 81 யூனிட் மிச்சம். 540 யூனிட் 459 ஆகிவிடும். பில் 2,270-லிருந்து 1,479 ரூபாயாக இறங்கும். 500 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிடுவதால்தான் இவ்வளவு பெரிய இறக்கம். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றால், எட்டு பில்லில் போட்ட காசு திரும்ப வந்துவிடும்.

ஃபேனை ஓனர் வாங்குவதா, குடியிருப்பவர் வாங்குவதா? ஓனர் வாங்கினால் "பில் குறைவாக வரும் வீடு" என்று சொல்லி வாடகைக்கு விடலாம். குடியிருப்பவர் வாங்கினால் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். எப்படியானாலும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

மலையில் கணக்கு வேறு

கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலை ஏறிவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ வாடகைக்கு இருக்கும் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் கவலை ஃபேன் இல்லை, வெந்நீர்தான். 1,500 வாட் ஹீட்டர் ராடு தினம் அரை மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். நான்கு பேர் குளிக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் என்றால் 90 யூனிட். இலவச 100 யூனிட் கிட்டத்தட்ட வெந்நீருக்கே சரியாகிவிடும்.

மலையில் வீடு பார்க்கும்போது, மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்க வெயில் படும் இடம் இருக்கிறதா, கதவு, ஜன்னல் இடுக்கு வழியே காற்று அடிக்கிறதா, மழைக்காலத்தில் சுவர் ஓதம் கட்டுகிறதா என்று பாருங்கள். மண்சுவர் வீட்டின் கதகதப்பு, மெல்லிய சுவர் எழுப்பி கான்கிரீட் போட்ட வீட்டில் கிடைக்காது. இருட்டிய பிறகு ஒருமுறை உள்ளே நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

விற்பதாக இருந்தால்

வீடு வாங்குபவர் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பார். அதோடு மின் இணைப்புக்கு நிலுவை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய உரிமையாளர் வைத்த மின்பாக்கியை, விதிகள் இடம் தந்தால் புதிதாக வாங்கியவரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஒரு கேரள வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கடைசி பில் கட்டிய ரசீது, ஆறு பில் விவரம், அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு, பெயர் மாற்றத்துக்குத் தேவையான ஆவணம் ஆகியவற்றைப் பத்திரப்பதிவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். விற்பவரும் இவற்றைத் தயாராக வைத்திருந்தால் பேரம் சுலபமாக முடியும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி

தமிழ்நாட்டின் வீட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. நகர்ப்புற வாடகைக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அது. பெரிய பழுதை யார் பார்ப்பது, சின்னப் பழுதை யார் பார்ப்பது என்றும் பிரித்துச் சொல்கிறது. தகராறு வந்தாலும் மின்சாரம், குடிநீர் போன்ற அத்தியாவசிய வசதியை ஓனர் துண்டிக்கக் கூடாது. பில் குறைவாக வரும் வீடாக இருக்க வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டம் கேட்கவில்லை. அதனால் ஒப்பந்தத்தில் நாமே இரண்டு வரி சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, குடிவந்த நாளின் மீட்டர் ரீடிங். இரண்டாவது, பில்லை எப்படிப் பிரிப்பது, மோட்டார் யார் கணக்கு என்பது. ரீடிங்கை மொபைலில் ஒரு போட்டோவும் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு தொடர்பான புகாருக்கு மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

இனி வீடு பார்க்கப் போகும்போது, "கரண்ட் பில் எவ்வளவு வரும்?" என்று படி இறங்கும்போது கேட்க வேண்டாம். உள்ளே நுழைந்ததுமே, "இ.பி. கார்டைக் கொஞ்சம் காட்டுறீங்களாம்மா?" என்று கேளுங்கள். நல்ல வீடாக இருந்தால் ஓனர் சந்தோஷமாகவே எடுத்துக் காட்டுவார்.