கைக்கு அடங்கும் வண்டி



சென்ற மாதத் தபாலில் கோடு போட்ட நோட்டுத்தாளில் நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் தேவிகாபுரத்துத் தம்பி ஒருவர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறார். அப்பா பட்டு நெய்கிறவர். ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கூபேக்களில் எது சிறந்தது என்று நம் இதழ் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். தானே ஸ்கேல் வைத்து ஓர் அட்டவணையும் போட்டிருந்தார். மேலே நான்கு கார்கள்: நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சுப்ரா, ஹோண்டா என்எஸ்எக்ஸ். பக்கவாட்டில் எஞ்சின், குதிரைத்திறன், எடை, விலை. கடைசி வரிசையில் 'ஹேண்ட்லிங்' என்று எழுதி, நான்கு கட்டங்களையும் காலியாக விட்டிருந்தார். அடியில் பென்சிலில் ஒரு குறிப்பு: "இதற்கு எங்கே தேடியும் நம்பர் கிடைக்கவில்லை சார்."

அந்தக் காலிக் கட்டங்கள் என்னைப் பல நாள் விடவில்லை. இத்தனை வருஷமாகக் கார்களைப் பற்றி எழுதுகிறேன். எங்கே என் எழுத்து தடுமாறுகிறதோ, அந்த இடத்தைத் தம்பி சரியாகக் கட்டம் கட்டிக் காட்டிவிட்டார்.

இன்னொரு சந்தேகமும் கேட்டிருந்தார். ஜப்பானில் விற்ற ஸ்கைலைன், சுப்ரா, என்எஸ்எக்ஸ் மூன்றுக்குமே 280 குதிரைத்திறன் என்று வருகிறதே, நான் தப்பாகப் பார்த்துவிட்டேனா என்று. தப்பில்லை தம்பி. 1989 வாக்கில் ஜப்பானியக் கார் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டன: உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280க்கு மேல் திறன் அறிவிப்பதில்லை. 2004இல் ஹோண்டா தன் லெஜண்ட் காருக்கு 300 என்று அறிவிக்கும்வரை இது நீடித்தது. அதே சுப்ரா அமெரிக்காவில் 320 என்ற கணக்கோடு விற்றது. ஆக, ஏறத்தாழ பதினைந்து வருஷம் ஜப்பானியப் பொறியாளர்களால் எண்ணை வைத்துச் சண்டை போட முடியவில்லை. எடையைக் குறைப்பது, எஞ்சினை எங்கே வைப்பது, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை கொடுப்பது, வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும்? நீங்கள் காலியாக விட்ட வரிசையில்தான் போட்டி முழுவதும் நடந்திருக்கிறது.

போன வாரம் திருவண்ணாமலையில் ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டுப் போளூர் வந்து, சேத்துப்பட்டுச் சாலையில் வண்டியைத் திருப்பினேன். தேவிகாபுரத்தில் பெரியநாயகி அம்மன் கோயில் மதிலைத் தாண்டி, கனககிரி மலையைப் பார்த்தபடி நடந்தால், தறிச் சத்தமே வழி சொல்லிவிடுகிறது. ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீட்டோடு ஊர் ஊராகப் போகிற புடவைகளில் எத்தனையோ இப்படிப்பட்ட வீடுகளின் முன்கூடத்தில்தான் உருவாகின்றன.

தம்பியின் அப்பா குழித்தறியில் இருந்தார். மாம்பழ நிறப் பாவு, அரக்குக் கரை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, விரித்திருந்த பாவின்மேல் புறங்கையை வைத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மெதுவாக ஓட்டினார். பாதியில் நின்றார். "இங்க கொஞ்சம் தொய்வு சார்." எனக்கு எல்லா இழைகளும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. எழுந்து போய்க் கயிற்றை லேசாக இழுத்துக் கட்டிவிட்டு வந்து, மறுபடி புறங்கையை ஓட்டினார்.

"ஒரு பக்கம் தொய்ஞ்சா துணி அந்தப் பக்கமா இழுத்துக்கும். ரொம்ப இறுக்கினா இழை அறுந்துடும். மழைக்காலத்துல ஈரம் ஏறிடுச்சுன்னா அது வேற கணக்கு."

"எவ்வளவு இறுக்கம் வேணும்னு எப்படிங்க தெரியும்?"

"கைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மிதியை அழுத்தி நாடாவை விட்டார். தம்பி என்னைப் பார்த்தார். அட்டவணை அவர் மடியில் இருந்தது.

அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் பேசியதைத்தான் இந்த மாதம் உங்களிடமும் சொல்கிறேன்.

ஒரு கார் வளைவுக்குள் நுழைகிறது. பிரேக்கை மிதித்ததும் எடை முன் சக்கரங்களுக்குப் போகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்ததும் பின்னுக்கு வருகிறது. இத்தனைக்கும் ஒவ்வொரு டயரும் சாலையைப் பிடித்திருப்பது ஓர் உள்ளங்கை அகலத்தில்தான். முன் டயர் பிடி விட்டால் மூக்கு வளைவுக்கு வெளியே போகும். பின் டயர் விட்டால் வால் வீசும். எடை இப்படி இடம் மாறுவதை ஸ்டியரிங் வழியாகவும் இருக்கை வழியாகவும் ஓட்டுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிற காரைத்தான் நம் ஊர் டிரைவர்கள் 'கைக்கு அடங்குற வண்டி' என்கிறார்கள். ஹேண்ட்லிங் என்பதற்கு இதைவிட நல்ல தமிழை நான் இதுவரை கேட்டதில்லை.

இனி தம்பியின் கட்டங்கள். 1989இல் வந்த ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் 2.6 லிட்டர் இரட்டை டர்போ கார். சாதாரணமாக இழுவை முழுவதும் பின் சக்கரங்களுக்குத்தான் போகும். பின் சக்கரம் நழுவத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் அதில் ஒரு பங்கை, பாதிவரைகூட, முன்னுக்கு அனுப்பும். தொய்வைக் கண்டதும் கயிற்றை இழுக்கும் அப்பாவின் வேலையை இந்தக் காரில் எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் பந்தயங்களில் ஓடிய 29 போட்டிகளிலும் ஜெயித்தது. ஆஸ்திரேலியாவில் காட்ஸில்லா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சுப்ரா தம்பிக்கு ரொம்பப் பிடித்த கார் என்று தெரியும். 1993இல் வந்த அதன் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக் எவ்வளவு திறனை ஏற்றினாலும் தாங்கும் என்று பேர் வாங்கியது. நேர்ச்சாலையில் அதைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் காரின் எடை 1,500 கிலோ வாக்கில், நீளமான அந்த எஞ்சின் உட்கார்ந்திருப்பதோ மூக்கில். குறுகிய வளைவுகள் அடுத்தடுத்து வந்தால் அந்தக் கனம் கையில் தெரியும். நீண்ட பயணத்துக்குச் சுப்ராவைத் தேர்ந்தெடுப்பேன். ஜவ்வாது மலை மாதிரியான சாலைக்கு எடுக்க மாட்டேன்.

ஆர்எக்ஸ்-7 வேறு சாதி. 1991 கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறையைச் சொல்கிறேன். அதில் மேலும் கீழும் அடிக்கும் பிஸ்டன்களே கிடையாது. முட்டை வடிவ அறைக்குள் முக்கோண ரோட்டர்கள் இரண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து 1.3 லிட்டர்தான். எஞ்சின் அவ்வளவு சிறியதாக இருந்ததால், முன் அச்சுக்குப் பின்னால் தள்ளித் தாழ்வாக வைக்க முடிந்தது. எடை முன்னும் பின்னும் சரிபாதி. மொத்தம் 1,300 கிலோகூட இல்லை. தொடக்கத்தில் 255 குதிரைத்திறன்தான், ஆனாலும் அந்த எடைக்கு அது தாராளம்.

மலேசியாவில் உறவினர் ஒருவரிடம் இந்தக் கார் இருந்தது. ஒரு விடியற்காலையில் கெந்திங் மலைச்சாலையில் பக்கத்து இருக்கையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து போனேன். வேகமாக ஓட்டவே இல்லை அவர். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்புவார். காரின் மூக்கு காத்திருந்ததுபோல உடனே திரும்பும், உடம்பு ஆடாது. எஞ்சின் சத்தத்தில் அடி இல்லை, ஒரே இழையாக ஏறிக்கொண்டே போனது. இறங்கிய பிறகும் வெகுநேரம் என் வலது கை தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. குறையும் சொல்லிவிட வேண்டும். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும், எஞ்சின் ஆயிலையும் கொஞ்சம் குடிக்கும், சூடு தாங்காது. ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். பேணத் தெரிந்தவர் கையில் மட்டுமே நிற்கும் கார் அது.

என்எஸ்எக்ஸ் 1990இல் வந்தது. உடல் முழுக்க அலுமினியம். 3 லிட்டர் வி6 எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். எடை 1,350 கிலோ. இந்தக் காரைப் பற்றித் தம்பியின் காலிக் கட்டத்துக்குப் பொருத்தமான கதை ஒன்று உண்டு. தயாரிப்புக்கு முந்திய மாதிரியை 1989இல் சுஸுகா பந்தயத்தளத்தில் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா ஓட்டிப் பார்த்தார். காரின் உடல் இன்னும் விறைப்பாக வேண்டும் என்றார். ஹோண்டா பொறியாளர்கள் அதை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்துக்குக் கொண்டுபோய், மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டி விறைப்பைக் கூட்டினார்கள். அளவுக்கருவிகள் எல்லாம் கைவசம் வைத்திருந்த கம்பெனி அது. ஆனாலும் தொய்வு எங்கே என்று சொல்ல ஓர் ஓட்டுநரின் கை தேவைப்பட்டது.

நெய்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "இந்த டொயோட்டாவை யாரு ஆரம்பிச்சது?" என்றார். நான் சொல்லக் காத்திருந்த செய்தி அதுதான். ஆரம்பித்தது ஒரு தறிக்காரர் குடும்பம் என்றேன். நாடா நின்றது.

சகிச்சி டொயோடா தச்சர் மகன். ஒரு கையாலேயே நெய்யக்கூடிய மரத்தறியைச் செய்து 1891இல் காப்புரிமை வாங்கினார். பிறகு மகன் கிச்சிரோவோடு சேர்ந்து 1924இல் முழுத் தானியங்கித் தறியை முடித்தார். ஓட்டத்தை நிறுத்தாமலே அது நாடாவை மாற்றிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தால் தானே நின்றுவிடும். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அந்தக் காப்புரிமைக்கு 1,00,000 பவுண்டு தர ஒப்பந்தம் செய்தது. கிச்சிரோவின் கார் முயற்சிக்குத் துணை நின்றது தறித் தொழிலில் வந்த பணம்தான். 1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே கார் பிரிவு தொடங்கி, 1937இல் தனிக் கம்பெனியானது. அங்கிருந்து முப்பது வருஷத்தில், 1967இல், ஜப்பானால் இவ்வளவு அழகான ஸ்போர்ட்ஸ் கூபே செய்ய முடியுமா என்று உலகம் திரும்பிப் பார்த்த 2000ஜிடி வந்தது. சுஸுகியும் அப்படித்தான். 1909இல் ஹமமட்சு ஊரில் தறி செய்யும் பட்டறையாகப் பிறந்தது. அந்தத் தெருமுனையில் நின்றிருந்த பழைய மாருதி 800க்கும் பூர்வீகம் தறிதான்.

இவ்வளவையும் கேட்ட அப்பா ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "இழை அறுந்தா தானா நின்னுடுமா? நல்ல தறி சார் அது." பின்பு சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த வளைவுல கார் நழுவப் போகுதுன்னா, ஓட்டறவருக்கு முன்னாடியே தெரிஞ்சுடுமா?"

நல்ல காரில் தெரியும் என்றேன்.

"அப்ப சரி" என்று நாடாவைக் கையில் எடுத்தார்.

நம்மவர் ஒருவர் கை இந்தக் கார்களின் உச்சத்தைத் தொட்டிருப்பதையும் தம்பிக்கு நினைவூட்டினேன். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். அவர் ஓட்டிய ஜோர்டான் காரில் இருந்ததும் டொயோட்டா எஞ்சின். பின்பு ஜப்பானுக்கே போய், 2019இல் நகஜிமா ரேஸிங் அணிக்காக சூப்பர் ஜிடி பந்தயங்களில் ஹோண்டா என்எஸ்எக்ஸை ஓட்டினார். அவ்வாண்டு நவம்பர் 24 அன்று ஃபுஜி தளத்தில், ஜெர்மனியின் ஆடி, பிஎம்டபிள்யூ கார்களும் சேர்ந்து ஓடிய போட்டியில், நரேன்தான் முதலில் வந்தார். அப்போது அவருக்கு 42 வயது. நம் ஊரில் அந்தச் செய்தி போதிய அளவு கொண்டாடப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஸ்கைலைனுக்குப் பின் வந்த தலைமுறையின் கதையையும் தம்பியிடம் சொன்னேன். நிஸான் ஜிடி-ஆரின் கடைசி ஆர்35 கார் 2025 ஆகஸ்டில் தோச்சிகி ஆலையிலிருந்து வெளியே வந்தது. 2016இல் அது இந்தியாவுக்கு வந்தபோது ஏறத்தாழ 2 கோடி ரூபாய். அதன் ஒவ்வோர் எஞ்சினையும் தகுமி எனப்படும் கைத்திறன் ஆசான் ஒருவரே முதலிலிருந்து கடைசிவரை பூட்டினார். எஞ்சின்மேல் அவர் பெயர் பொறித்த தகடும் உண்டு. கூடத்துத் தறியில் முக்கால்வாசி முடிந்திருந்த புடவையைப் பார்த்தபடி தம்பி, "எங்கப்பா பேர் எதுலயும் வராது சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த இதழின் அட்டைக்கு அந்தக் கூடத்தில் எடுத்த படத்தையே வைத்திருக்கிறோம்.

தீர்ப்புக் கேட்டீர்களே தம்பி. என் ஓட்டு ஆர்எக்ஸ்-7க்கு. தினமும் ஓட்டி, வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் என்எஸ்எக்ஸ். மழையில் நனைந்த சாலை என்றால் மறுபேச்சில்லாமல் ஸ்கைலைன். சுப்ரா ரசிகர்கள் கோபித்துக்கொண்டு எழுதுங்கள், அப்படியே பிரசுரிக்கிறேன். ஆனால் வேகமெல்லாம் பந்தயத்தளத்தில் மட்டும். உங்கள் ஊரிலிருந்து செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக வந்தால் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் தளம் இருக்கிறது. அடுத்த பந்தயத்துக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். வளைவை ஒட்டிய பக்கத்தில் நிற்போம். அங்கேதான் எல்லாம் தெரியும்.

தம்பியின் அட்டவணையை அவர் கையெழுத்திலேயே இந்த இதழில் அச்சிட்டிருக்கிறோம், கடைசி வரிசை காலியாகவே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் இந்தக் கார்களில் ஏதாவது ஒன்றை ஓட்டிய வாசகர்கள் கட்டாயம் இருப்பீர்கள். முதல் வளைவில் உங்கள் கைக்கு என்ன தெரிந்தது என்று எழுதி அனுப்புங்கள். எண் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்