கிணறு கடலுக்குள் போகாதிருக்க

சுருவிலில் ஒரு கரையோரக் கிணற்றின் அமைவிடத்தை ஜிபிஎஸ் கருவியால் எடுத்து, கண்டவளை டேட்டத்தில் (ஆள்கூறுகளுக்கான ஆதாரச் சட்டகத்தில்) வரைந்த பழைய நில அளவைப் படத்தின்மேல் வைக்கிறோம் என்று கொள்வோம். டேட்டம் மாற்றம் விடுபட்டால் புள்ளி 200 மீட்டருக்கு மேல் விலகும். வேலணைத் தீவின் கரையில் கிணறு கடலில் விழ அது போதும். தீவகத்தின் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படை மெல்லியது. கரையிலிருந்து கிணறு எவ்வளவு தூரம் என்பதைப் பிழையாக எடுத்தால் உவர்ப்பு பற்றிய முடிவும் பிழைத்துப்போகும்.

இந்த மாற்றத்தைச் செய்யும் மென்பொருள் நூலகங்களை நிறுவும்போது நம்மவர் காட்டும் அவசரம் இதனால்தான் கவலை தருகிறது. ராஸ்டெரியோ என்ற பைதன் நூலகத்தின் வீல் கோப்பு (முன்தொகுத்த நிறுவல் கோப்பு) தனக்கென ஒரு ஜிடாலையும், ஆள்கூறுகளை மாற்றும் புரோஜையும் சுமந்து வருகிறது. பைபுரோஜ் வேறொரு புரோஜைக் கொண்டுவருகிறது. போஸ்ட்ஜிஐஎஸ் நிறுவியபோது புரோஜ்_லிப் என்ற சூழல் மாறியும் அமைந்திருந்தால், ஒரு பதிப்பின் நிரல் இன்னொரு பதிப்பின் தரவுத்தளத்தைத் திறக்கப்போய்த் தடுக்கி நிற்கும். அங்கே பிழைச்செய்தியாவது வரும். கோப்பில் எவரெஸ்ட் நீள்வட்டத்திண்மம் மட்டும் எழுதி டேட்டத்தை விட்டிருந்தால் புரோஜ் தோராய மாற்றம் செய்துவிட்டுப் பேசாமல் போய்விடும். இதைத்தான் அஞ்ச வேண்டும். இலங்கையின் பழைய ஆள்கூற்றுக் கட்டத்தின் (இபிஎஸ்ஜி 5234) தொடக்கம் 2,00,000 மீட்டர், புதியதன் (இபிஎஸ்ஜி 5235) தொடக்கம் 5,00,000 மீட்டர் என்பதால் கட்டம் மாறினால் உடனே கண்ணில் படும்; 200 மீட்டர் படாது. பைபுரோஜில் தோராய மாற்றத்தை மறுக்கும் தெரிவை எப்போதும் இட்டுவையுங்கள்.

ஒரு திட்டத்துக்கு ஒரே மூலம் என்பதே எங்கள் நிலைப்பாடு. பைதன் தொகுப்புக் களஞ்சியமான பைபிஐயில் ஜிடாலின் பைதன் இணைப்பு மூலநிரலாகவே கிடைக்கிறது, தொகுப்பி இல்லாத கணினியில் அது நிறுவப்படாது. கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்தில் ஜிடால், புரோஜ், ஜியோஸ் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தத் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. அதன்மேல், பைபிஐயிலிருந்து நிறுவும் பைப்பைக் கலக்காதீர்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு எனக் குறிகட்டுவானில் படகேறும் களப்பணிக்கு, யாழ்ப்பாணத்திலேயே களக் கணினியின் இயங்குதளத்துக்கும் பைதன் பதிப்புக்கும் உரிய நிறுவல் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். படகேறுமுன் நில அளவைத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டுப் புள்ளி ஒன்றை 5234, 5235 ஆகிய இரு கட்டங்களிலும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்த இதழிலிருந்து, வரைபடக் கட்டுரை அனுப்புவோர் நூலகப் பதிப்பு எண்களையும் இச்சோதனையின் முடிவையும் இணைத்தே அனுப்ப வேண்டும்.