குழாய்நீரும் கிணற்றுநீரும்

நகரங்களின் மாசு பற்றிப் பேசுவோர் புகையையும் குப்பைமேட்டையுமே முதற்கண் குறிப்பர். அவை கண்ணுக்குத் தெரிவன. யாழ்ப்பாண நகரின் பெரும் மாசு நிலத்தின் கீழ் உள்ளது. அதனாலேயே அதனைப் பற்றி எவரும் அதிகம் கவலைப்படுவதில்லை.

இக்குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை மண்ணினூடே இறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறைகளின் வெடிப்புகளிலே தங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. அதனையே எம் முன்னோர் கிணறு தோண்டி மொண்டு குடித்தனர். துலா மிதித்துத் தோட்டத்துக்கும் இறைத்தனர். பங்குக் கிணற்றில் இன்னாருக்கு இத்தனை பங்கென உறுதியிலே எழுதி வைத்தனர். நீரின் அருமையை அறிந்தோர் செயல் அது.

மணற்பாங்கான நிலம் தன்மீது விழும் அழுக்கை ஓரளவேனும் வடித்துவிடும். வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் அத்தகையதன்று. ஒரு வீட்டுக் குழியில் இறங்குவது அயல்வீட்டுக் கிணற்றை விரைவிற் சென்றடையலாம். 1949ஆம் ஆண்டிலேயே மாநகரசபை கண்ட இந்நகரில், நகர் முழுவதையும் தழுவிய கழிவுநீர்க் குழாயமைப்பு இன்றும் இல்லை. வீடுதோறும் கிணறு, வீடுதோறும் மலக்குழி. அக்காலத்தில் ஒரு வளவுக்கு ஒரு வீடு. மலசலகூடம் கோடியின் கடைசியில் இருந்தது. இன்றோ அவ்வளவு பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து, இரண்டு பரப்பிலும் ஒரு வீடு எழுகின்றது. உறுதி எழுதும் நொத்தாரிசு எல்லைகளைப் பிசகின்றி எழுதுகின்றார். கிணற்றுக்கும் அயலவர் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை எவரும் எழுதுவதில்லை!

மலக்குழியிலிருந்தும் தோட்டங்களுக்கு இடும் யூரியாவிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரிற் சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும்; உடல் நீலம் பாரிக்கும். கொதித்தாறிய நீர் குடிக்கிறோம் என்று ஆறுதல் கொள்வோர் பலர். கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமை மகிழ்தற்குரியது. ஆயின், 'குழாய் வந்துவிட்டது. இனிக் கிணறு எதற்கு?' என்று கேட்போருடன் நாம் உடன்படோம். வீட்டுக்குள் வரும் நீர் வெளியே போயாக வேண்டுமன்றோ? குழாய்நீர் தாராளமாக வந்தால் குளிப்பும் கழுவலும் பெருகும். அத்தனையும் அதே குழியிலும் அதே கல்லிலுமே இறங்கும். நீரைக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிடைக்கும் கவனம் கழிவை அகற்றும் திட்டத்துக்குக் கிடைப்பதில்லை. திறப்பு விழாவுக்கு அது அழகான பொருளன்று போலும். அன்றியும், கைவிடப்பட்ட கிணறு நாளடைவிற் குப்பைக் கிடங்காகும். அதில் எறிவது எதுவாயினும் வடிகட்டும் மண்ணைக் கடவாமலே நிலத்தடி நீரிற் கலக்கும். அந்நீரை நம்பியே தோட்டக்காரன் இன்னும் வெங்காயமும் புகையிலையும் செய்கின்றான்.

புதிய வீட்டுக்கு அனுமதி கோருவோர், கசியாத தொட்டி கட்டுவதை மாநகரசபை நேரிற் பார்த்தே உறுதி செய்தல் வேண்டும். தொட்டியில் நிரம்புவதைப் பவுசர் ஏற்றிச் சென்று சுத்திகரிப்பு நிலையத்திலே சேர்த்தல் வேண்டும். வெளியிடத்திற் கொட்டிவிட்டு வருவதனாற் பயனில்லை. மழைநீரைக் குளங்களுக்குக் கொண்டுசெல்லும் வெள்ளவாய்க்கால்களைப் பொலித்தீன் அடைக்காமற் காப்பதும் இதனோடு சேர்ந்ததே. குளத்தில் நின்று ஊறும் மழைநீர் கிணற்றுநீரின் மாசைச் சிறிதேனும் தணிக்கும்.

இவை சபையின் வேலைகள். கல்லூரிக்கும் ஒரு வேலை உண்டு. நீரிலுள்ள நைத்திரேற்றை அளப்பது உயர்தர வகுப்பு மாணவருக்குக் கடினமானதன்று. மாரிக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் தத்தம் வீட்டுக் கிணற்றுநீரை அவர்கள் சோதித்து, கண்ட அளவுகளை ஒரு வரைபடத்தில் ஆண்டுதோறும் குறித்து வரலாம். கடல்கடந்து வாழும் எம் பழைய மாணவர் வளைவுகளுக்கும் வாயில்களுக்கும் வாரி வழங்குகின்றனர். அதில் ஒரு சிறு பங்கு இரசாயன ஆய்வுகூடத்துக்கு வந்தாற் போதும். முதற் சோதனைக்குக் கல்லூரி வளவிலுள்ள கிணற்றின் நீரையே எடுக்கலாம்.